அந்தச் சுவிட்சை வைத்தவன் மடையன் இல்லை, அங்கிள்

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக் கலியாண வீட்டில் நடந்தது இதற்குள் பாதிக் கொழும்புக்குத் தெரிந்திருக்கும். "எஞ்சினை நிறுத்துகிற சுவிட்சை பைலட் கையில் கொடுத்தவன் மடையன்" என்று அங்கிள் சொன்னார், மேசையே கைதட்டியது. நான் வாயைத் திறந்ததும், "தம்பி, நீர் நட்டு முறுக்கினவர்தானே."

சரி. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் 19 வருடம் விமானங்களுக்கு நட்டு முறுக்கினேன். அதனால்தான் சொல்கிறேன், அந்தச் சுவிட்ச் வேண்டும்.

2025 ஜூன் 12, அகமதாபாத், ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் போனார்கள். இரண்டு எஞ்சின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் கட்-ஆஃபுக்கு, அதாவது எரிபொருளை நிறுத்தும் நிலைக்கு, போயின என்று முதற்கட்ட அறிக்கை சொன்னது. யார், ஏன் என்று சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பைக் கலியாண வீட்டில் வழங்கிவிட்டார்கள்.

எஞ்சின் தீப்பிடித்தால் எரிபொருளை வெட்ட வேண்டும். வெட்ட முடியாவிட்டால்? 2010 நவம்பர் 4, சிங்கப்பூர். குவாண்டாஸ் ஏ380இன் ஓர் எஞ்சின் வெடித்து, சிதறிய துண்டுகள் இறக்கை வயர்களை அறுத்துவிட்டன. எப்படியோ இறக்கினார்கள். இறங்கிய பிறகு இன்னொரு எஞ்சின் நிற்கவில்லை! சுவிட்சைப் போடுகிறார்கள், அது பாட்டுக்கு ஓடுகிறது. இறக்கையிலிருந்து எரிபொருள் ஒழுகுகிறது, பிரேக் கொதிக்கிறது, உள்ளே 469 பேர். தீயணைப்புக்காரர் தண்ணீரும் நுரையும் அடித்து அடித்து அதை நிறுத்தக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். அங்கிள் கேட்கிற, பைலட்டால் நிறுத்த முடியாத எஞ்சின் அதுதான்.

எங்கள் தொடர்மாடியில் பிள்ளைகள் தொடக்கூடாதென்று வீட்டுக்காரர் மெயின் சுவிட்ச் பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்தார். பாதுகாப்பாம். ஒருநாள் குசினிச் சுவருக்குள் வயர் கருகிப் புகை வந்தது. திறப்பு அவரிடம், அவர் கதிர்காமத்தில். அம்மா இருமிக்கொண்டே படி இறங்கினார், நான் சுத்தியலால் பூட்டை உடைத்தேன். விமானத்தில் ஓடுவதும் வயர்தான். 1998இல் சுவிஸ்ஏர் 111இன் கூரைக்கு மேல் பற்றிய தீ 229 பேரைக் கொண்டுபோனது. கரண்ட் போகிற எதையும் வெட்ட வழி வேண்டும், விமானம் எங்கே என்று தரைக்குச் சொல்லும் டிரான்ஸ்பொண்டர் உட்பட.

"அப்போ 2014இல் காணாமல் போன மலேசிய விமானம் எம்எச்370?" என்று வருவீர்கள். அதன் டிரான்ஸ்பொண்டரை யாராவது வேண்டுமென்றே நிறுத்தியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கெட்ட எண்ணம் உள்ளவனுக்குச் சுவிட்ச் எதற்கு? 2015இல் ஜெர்மன்விங்ஸ் துணை விமானி எந்தப் பாதுகாப்புக் கருவியையும் அணைக்கவில்லை. கடத்தல்காரரைத் தடுக்கப் போட்ட கதவைப் பூட்டி, தலைமை விமானியை வெளியே நிறுத்தி, விமானத்தை மலையில் மோதினான். 150 பேர். பாதுகாப்புக் கருவி நன்றாகவே வேலை செய்தது.

2018 அக்டோபர் 28 இரவு லயன் ஏரின் போயிங் 737 மேக்ஸ் தானாக மூக்கைக் கவிழ்த்தபோது, விமானிகள் சுவிட்சைப் போட்டு அந்தத் தானியங்கியை வெட்டி ஜகார்த்தாவில் இறக்கினார்கள். மறுநாள் அதே விமானம், வேறு விமானிகள், வெட்டவில்லை, 189 பேர். (2019இல் இன்னொரு மேக்ஸை ஓட்டிய எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானிகள் வெட்டியும் தப்பவில்லை. தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு வராதீர்கள்.)

அடுத்த மாதம் அங்கிள் பேரப்பிள்ளையைப் பார்க்க ரொறன்ரோ போகிறார். முன்னால் இருக்கிற இரண்டு பேரை நம்பிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு வழி முழுக்கக் குறட்டை விடுவார். நட்டு முறுக்கினவனையும் நம்பித்தான், ஆனால் அதை யார் நினைக்கிறார்கள்?

நான் பாயாசம் குடிக்காமல் எழும்பி வந்ததைத்தான் அன்ரி ஊர் முழுக்கப் போன் போட்டுச் சொல்கிறார். அங்கிள் சொன்னதைச் சொல்லவில்லை.