கையெழுத்து மட்டும் தனியாகக் கிடையாது

நேற்று சாயங்காலம் வீடு கட்டிக் கொடுக்கும் ஒருவர் என்மேல் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார். வயரிங் எல்லாம் முடிந்துவிட்டதாம். புது சர்வீஸுக்கு, அதாவது புது மின் இணைப்புக்கு, டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டுமாம். "கையெழுத்துக்கு எவ்வளவுண்ணே? பையன்கிட்ட கொடுத்து அனுப்புறேன்" என்றார். நான் ஒருமுறை வந்து மெக்கர் (வயரின் உறையைச் சோதிக்கும் கருவி) போட்டுப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன். "ஊர்ல யாரும் கேட்காததை நீங்க கேட்கிறீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்தில் லைசென்ஸ் எடுத்து வயரிங் வேலை செய்கிறேன். லைசென்ஸ் கொடுப்பது சென்னை கிண்டியில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். ஒரு வீட்டுக்கு நான் டெஸ்ட் ரிப்போர்ட் கொடுத்தால், இந்த வயரிங்கைச் சோதித்துப் பார்த்தேன், இதில் கரண்ட் கொடுக்கலாம் என்று சொல்கிறேன் என்று பொருள். லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டர் மூலமாக, தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில்தான் வயரிங் நடக்க வேண்டும் என்பது புதுச் சட்டமும் இல்லை. 1956ஆம் ஆண்டு மின்சார விதிகளிலேயே இருந்தது. 2010இல் வந்த பாதுகாப்பு விதிமுறைகளிலும் இருந்தது, 2023இல் அதற்குப் பதிலாக வந்ததிலும் இருக்கிறது. பல்பு மாற்றுவது, சுவிட்ச் மாற்றுவது போன்ற சின்ன வேலைகளுக்குத்தான் விலக்கு.

பார்க்காத வீட்டுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

நான் என்ன பார்ப்பேன் என்று சொல்கிறேன். முதலில் மெக்கர். 500 வோல்ட் கொடுத்து, வயரின் உறை எங்காவது கிழிந்து கரண்ட் கசிகிறதா என்று பார்ப்பது. குறைந்தது ஒரு மெகா ஓம் காட்ட வேண்டும். ஒழுங்காக இழுத்த புது வயரிங் அதைவிடப் பல மடங்கு காட்டும். பூச்சுக்குள் போன பைப்பில் யாரோ ஆணி அடித்திருந்தால், வளைவில் முரட்டுத்தனமாக இழுத்து உறை உரிந்திருந்தால், அங்கே ரீடிங் சரிந்துவிடும். சுவர் பூசி பெயின்ட் அடித்த பிறகு இதைக் கண்ணால் பார்க்க முடியாது. மெக்கர் ஒன்றுதான் சொல்லும்.

அப்புறம் எர்த், கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் பாதை. எங்கள் காவிரி மண்ணில் ஈரம் உண்டு. எட்டடி பைப்பை இறக்கி, கரியும் உப்பும் போட்டுக் குழியை மூடினால் நல்ல ரீடிங் வந்துவிடும். பாறை மண் ஊர்களில் வேலை செய்யும் நண்பர்கள் படும் பாடு எங்களுக்கு இல்லை. இருந்தும் இங்கே என்ன நடக்கிறது தெரியுமா? போன வருடம் ஒரு வீட்டில் வாஷிங் மெஷினைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது என்று கூப்பிட்டார்கள். வெளியே எர்த் குழி இருக்கிறது, மேலே சிமென்ட் மூடி இருக்கிறது. மூடியைத் திறந்து பைப்பைக் கையால் பிடித்தேன், ஆடியது. இழுத்தேன், வந்துவிட்டது. இரண்டடித் துண்டு! அந்த வீட்டில் ஏழு மாதக் குழந்தை தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது. அதற்கும் ஒருவர் டெஸ்ட் ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார். வந்து பார்த்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. பிளக் பாயின்ட்டில் எர்த் வயரே இழுக்காமல், எர்த் முனையையும் நியூட்ரலையும் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) ஒரு துண்டு வயரால் லூப் அடித்து, அதாவது இணைத்து, விடுவது. டெஸ்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். ஆனால் மீட்டர் பக்கமோ கம்பத்திலோ நியூட்ரல் விட்டுப்போனால், அந்த பிளக்கில் சொருகிய ஃப்ரிட்ஜின் உடம்பு முழுவதும் கரண்ட் ஏறி நிற்கும். கரண்ட் கசிந்தால் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. என்ற கருவி இருந்தாலும், நியூட்ரல் நன்றாக இருக்கும் வரை இந்த லூப்பைக் கண்டுபிடிக்காது. கசிகிற கரண்ட் அதே நியூட்ரல் வழியாகத் திரும்பிவிடுவதால் போனதும் வந்ததும் சமம் என்று அது நினைத்துக்கொள்ளும்.

ஆர்.சி.சி.பி. பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர், அளவுக்கு மேல் கரண்ட் போனால் துண்டிக்கிற எம்.சி.பி. இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. 6 ஆம்பியர் எம்.சி.பி. விழ வேண்டுமென்றால் 6 ஆம்பியருக்கு மேல் போக வேண்டும். மனிதன் சாவதற்கு அதில் சின்னப் பங்கு, பத்தில் ஒரு ஆம்பியர் போதும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அதற்கு முன்னாலேயே கண் இமைக்கும் நேரத்தில் கரண்டைத் துண்டித்துவிடும். எர்த் ஒழுங்காக இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே விழும். எர்த் இல்லையென்றால் தொட்ட பிறகுதான் விழும்.

பல வீடுகளில் அதை வாங்கி மாட்டிவிட்டு, அடிக்கடி விழுகிறது என்று பைபாஸ் செய்து வைத்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் நான் பார்த்த காரணம் ஒன்றுதான்: இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரல் இழுக்காமல் மெயின் நியூட்ரலோடு சேர்த்திருப்பார்கள். நியூட்ரலைப் பிரித்துக் கொடுத்தால் அரை நாள் வேலை. அதைச் செய்யாமல், உயிரைக் காக்கிற கருவியைக் கழற்றி விடுகிறோம்.

சரி, இப்படியெல்லாம் ஏன் நடக்கிறது? வேலை செய்கிற பையன்களை நான் குறை சொல்ல மாட்டேன். பெரிய வீதிகளில் இருக்கும் பழைய வீடுகளில் இன்னும் தேக்குக் கட்டை வயரிங் இருக்கிறது. ரப்பர் உறை கைபட்டாலே பொடியாக உதிரும். அதைக் கழற்றி, மரவேலைப்பாடு கெடாமல் புது வயர் இழுக்கிற கைத்திறன் உள்ள பையன்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் பலரிடம் ஒரு சான்றும் கிடையாது. தம்பிகளே, 21 வயதும் ஐந்து வருட அனுபவமும் இருந்தால் மின்கம்பியாள் உதவியாளர் தேர்வு எழுதலாம், அரசே நடத்துகிறது. அடுத்த அறிவிப்பு வரும்போது விண்ணப்பம் நிரப்ப நான் உதவுகிறேன், கடைக்கு வாருங்கள்.

என் வருத்தம் விலை பேசுகிற முறையில்தான். "பாயின்ட்டுக்கு எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியில் வேலை முடிவாகிறது. யார் ஐம்பது ரூபாய் குறைக்கிறாரோ அவருக்கு வேலை. அந்த ஐம்பது ரூபாயை அவர் எங்கிருந்தோ எடுத்தாக வேண்டும். ரெண்டரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் போக வேண்டிய பவர் பிளக்குக்கு ஒன்றரை போகும். எர்த் வயர் பாதி அறைகளுக்குப் போகாது. பைப்புக்குள் ஜாயின்ட் இருக்கும். மீதியைக் கடை கமிஷனில் எடுப்பார். கிரானைட்டுக்கு ஊர் ஊராகத் தேடிப் போகிறவர்கள், சுவருக்குள் முப்பது வருடம் இருக்கப்போகிற வயருக்கு ஒரு நாள் கடைக்கு வர மாட்டேன் என்கிறார்கள். நான் கமிஷன் வாங்குவதில்லை, பில் வீட்டுக்காரர் பெயரிலேயே போகட்டும் என்பேன். இதனால் எனக்கு வேலை குறைந்திருக்கிறது, உண்மை. ஆனால் என்னிடம் வயரிங் செய்தவர்கள் தங்கள் பிள்ளைகள் வீட்டுக்கும் என்னையே கூப்பிடுகிறார்கள்.

லைசென்ஸ் வைத்திருக்கிற சக காண்ட்ராக்டர்களுக்கு: நீங்களும் குடும்பஸ்தர்கள், வாடகையும் சம்பளமும் கொடுக்க வேண்டும், தெரியும். கையெழுத்துக்கு வாங்குகிற பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே போய் ஒருமுறை மெக்கர் போடுங்கள். ஒரு மணி நேர வேலை. லைசென்ஸுக்காக வாங்கிய மெக்கரும் எர்த் டெஸ்டரும் நம் எல்லோரிடமும் இருக்கின்றன.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரண்ட் இருக்கும்போது ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று போட்ட பட்டனை இன்று ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லையென்றாலோ, பெட்டியில் அப்படி ஒன்றே இல்லையென்றாலோ, கும்பகோணம் சுற்று வட்டாரமாக இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். வந்து பார்த்துச் சொல்வதற்குக் காசு வேண்டாம். நேற்று கோபித்துக்கொண்ட அண்ணன் இதைப் படித்தால் அவருக்கும் சேர்த்துத்தான். சனிக்கிழமை காலை எனக்கு வேலை இல்லை, மெக்கரோடு வருகிறேன்.