கிடைக்கிறது என்று சொல்லாதீர்கள்

சின்ன வயதில் ஆடிய டக் ஹண்ட் என்ற வீடியோ கேமை இனி ஆட முடியாதே என்று ஞாயிற்றுக்கிழமை நான் எழுதிய பதிவின் கீழ் என்ன நடந்தது என்பதை இங்கே இருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். மறுபடி எடுத்து ஒட்டப் போவதில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்ட தம்பியின் பெயரையும் சொல்லப் போவதில்லை. "எல்லாம் எமுலேட்டரில் இலவசமாகக் கிடைக்கிறது, டவுன்லோடு செய்து விளையாட வேண்டியதுதானே, எதற்கு இந்த ஒப்பாரி?" என்ற அவர் கேள்விக்கு விழுந்த சிரிப்பு முகங்களில் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

கிடைக்கவில்லை, தம்பி. எமுலேட்டர் என்பது பழைய விளையாட்டைப் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஓட்டும் மென்பொருள். அதில் கிடைப்பது விளையாட்டின் கோப்பு. நான் எழுதியது விளையாட்டைப் பற்றி.

டக் ஹண்டையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1984-இல் வெளியிட்டது. டிவியில் பறக்கும் வாத்தைப் பொம்மைத் துப்பாக்கியால் சுட வேண்டும். அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் பாய்வதில்லை. குழலுக்குள் ஒளியை உணரும் ஒரு சிறிய கண் இருக்கிறது, அவ்வளவுதான். விசையை அழுத்தியதும் கண்ணிமைப்பதற்குள் திரை முழுவதும் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றி மறையும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். இந்தக் கணக்கு முழுவதும் பழைய பிக்சர் டியூப் டிவியை நம்பிப் போட்டது. எல்சிடி டிவி படத்தை வாங்கிக் காட்டுவதற்குள் நேரம் தப்பிவிடும். அசல் கேசட்டும் அசல் துப்பாக்கியும் கையில் இருந்தாலும் இன்று உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் டிவியில் ஒரு வாத்துகூட விழாது. போனில் விரலால் வாத்தைத் தட்டலாம் என்கிறீர்கள். தட்டுங்கள். அதற்கும் துப்பாக்கி பிடித்துக் குறிபார்ப்பதற்கும் என்ன உறவு? புதிய திரைகளுக்கென்றே கேமரா வைத்த துப்பாக்கி வந்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். வந்திருக்கிறது, மறுக்கவில்லை. இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் இருந்தது நின்டெண்டோகூட இல்லை. அதைப் பார்த்துச் செய்த மலிவான பெட்டி, பர்மா பஜாரிலிருந்து மாமா வாங்கி வந்தது. கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் விளையாட்டுகள் என்று போட்டிருக்கும். உள்ளே அதே சில விளையாட்டுகள்தான் வேறு வேறு எண்களில் திரும்பத் திரும்ப வரும். வெள்ளிக்கிழமை என்றால் 'ஒளியும் ஒலியும்' தொடங்குவதற்குள் வயரைக் கழற்றி ஆன்டெனா வயரைப் பழையபடி மாட்டிவிட வேண்டும். சேமித்து வைக்கும் வசதி கிடையாது. கரண்ட் போனால் எல்லாம் போயிற்று, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அண்ணன் எப்போதும் துப்பாக்கியை எனக்கே கொடுத்துவிடுவான். சாதாரண கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். ஒற்றை வாத்து வரும் ஆட்டத்தைத்தான் போடுவான். அந்த வாத்து நான் குறிவைத்ததும் சட்டென்று திரும்பும், கீழே இறங்கி மறுபடி ஏறும். நான் தவறவிட, புல்லுக்குள்ளிருந்து அந்த நாய் எழுந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அண்ணன் முகத்தில் எந்த மாற்றமும் இருக்காது. ஆனால் நான் அழப்போகிறேன் என்று தெரிந்தால் மட்டும் வாத்து ஏனோ மெதுவாக, நேராகப் பறக்கும். பல வருடங்கள் கழித்து, வேலைக்குப் போன பிறகு எங்கோ படித்தேன்: டக் ஹண்டில் ஒற்றை வாத்து ஆட்டத்தில் இன்னொருவர் கன்ட்ரோலரை வைத்து அந்த வாத்தை நகர்த்தலாம். அவன்தான் வாத்தாக இருந்திருக்கிறான்! அத்தனை நாளும் நான் அண்ணனைத்தான் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், அவன்தான் எனக்காக விழுந்திருக்கிறான்.

இது எந்தக் கோப்பில் இருக்கிறது? சொல்லுங்கள், டவுன்லோடு செய்துகொள்கிறேன்.

அண்ணனோடு ஆன்லைனில் ஆடலாமே என்பது அடுத்த கேள்வி. ஆடினோம். அவன் மஸ்கட்டில், நான் இங்கே, கொரோனா காலத்தில், கான்ட்ரா. இருவர் சேர்ந்து எதிரிகளைச் சுட்டுக்கொண்டே முன்னேறும் விளையாட்டு. அந்த விளையாட்டை அறிந்தவர்களுக்கு மூன்றாவது கட்டத்து அருவி தெரியும். மேலே மேலே தாவி ஏற வேண்டும். ஒருவன் வேகமாக ஏறிவிட்டால் திரை அவனோடு போய்விடும், கீழே தங்கியவன் செத்துப்போவான். சிறுவயதில் அந்த இடத்தில்தான் எங்களுக்குள் அடிதடியே நடக்கும். ஒரே நேரத்தில் பல குண்டுகளைச் சிதறவிடும் 'எஸ்' துப்பாக்கி எனக்கா உனக்கா என்பது அடுத்த சண்டை. அன்று அவன் எனக்காக ஒவ்வொரு படியிலும் காத்திருந்தான். 'எஸ்' வந்தபோது இருவரும் "நீ எடுத்துக்கொள்" என்றோம். மரியாதையாக ஆடி, மரியாதையாக முடித்து, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிக் கட் செய்தோம். கோப்பில் ஒரு குறையும் இல்லை, எல்லாம் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் ஆடவில்லை.

சரி, என் கதையை விடுங்கள். "எல்லாம் கிடைக்கிறது" என்பதே உண்மையா? அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன் அங்கே வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு அப்போது முறைப்படி விற்பனையில் இல்லை. ரேடியோ கேட்டபடி காரில் ஊர் சுற்றும் வைஸ் சிட்டி விளையாட்டு கிடைக்கிறது என்பீர்கள். உரிமம் முடிந்ததால் மைக்கேல் ஜாக்சன் பாடல்களை எடுத்துவிட்ட வைஸ் சிட்டி கிடைக்கிறது. காரில் ஏறியதும் ரேடியோவில் அந்தப் பாட்டு இல்லாத வைஸ் சிட்டி எங்களுக்கு எதற்கு?

என் அக்கா ஃபேஸ்புக்கில் பயிர் வளர்க்கும் ஃபார்ம்வில் விளையாட்டை ஆடினாள். கல்யாணமாகிப் புது ஊருக்குப் போய், அக்கம்பக்கத்தில் ஒருவரையும் தெரியாத காலம் அது. பயிர் வாடிவிடும் என்று அலாரம் வைத்து எழுந்து அறுவடை செய்வாள். உண்மையில் அவள் எழுந்தது, எங்கள் பெரியம்மா மகள்களில் யார் வந்து உரம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான். 2020 டிசம்பர் 31-ஆம் தேதி அது ஓடிய ஃப்ளாஷ் மென்பொருளோடு சேர்த்து அந்தத் தோட்டத்தை மூடினார்கள். அவளுக்கு என்ன லிங்க் அனுப்பப் போகிறீர்கள்? யூபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களால் அதைத் தனியாகக்கூட ஆட முடியாமல் போனது. இப்படிச் செய்யாதீர்கள் என்று ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவர்களும் ஒப்பாரி வைக்கிறார்களா?

"உங்களுக்கு வேண்டியது உங்கள் குழந்தைப் பருவம், விளையாட்டு அல்ல" என்று ஒரு நண்பர் மிகவும் பக்குவமாக எழுதியிருந்தார். இரண்டையும் பிரிக்க அவரால் முடிகிறது. என்னால் முடியவில்லை. பழைய பாட்டைக் கேட்டுக் கண் கலங்குகிறவரிடம் யாரும் இப்படிப் பிரித்துப் பேசுவதில்லை. பாட்டுக்கு ஒரு நியாயம், பாட்டி வீட்டுத் திண்ணைக்கு ஒரு நியாயம், எங்கள் கான்ட்ராவுக்கு வேறு நியாயமா? நாட்டில் எத்தனையோ பிரச்சினை இருக்க இதுவா முக்கியம் என்றவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அவர் பக்கத்தில் முந்தாநாள்வரை கிரிக்கெட்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு வலித்தது வேறு. அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்த காலம் முழுவதும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் "இதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார்கள். பரீட்சையில் மதிப்பெண் குறைந்தாலும் அதுதான் காரணம், கண்ணாடி போட்டதற்கும் அதுதான் காரணம். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அது பழைய பேப்பர்காரரோடு போய்விட்டிருந்தது. யாரும் எங்களைக் கேட்கவில்லை. அண்ணன் அன்று சாப்பிடவில்லை. அவன் அழுததை நான் பார்த்தது அப்போதுதான். அது ஓர் இழப்பு என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று பெரியவர்கள் வீண் என்றார்கள். இன்று நாங்களே பெரியவர்களாகி, எங்கள் காசில், எங்கள் பக்கத்தில், எங்களுக்குள் அதைப் பற்றி நாலு வரி எழுதினால் எங்களைவிடச் சின்னவர்கள் வந்து சிரிக்கிறார்கள். நாங்கள் எந்த வயதில்தான் இதைப் பேசுவது?

தம்பியை பிளாக் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். ஆனால் என் பதிவின் கீழ் இனி டவுன்லோடு லிங்க் போட்டால் நீக்கிவிடுவேன். மற்றவர்கள் எழுதுங்கள்: எந்த ஊர், எந்த விளையாட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஆடியது யார், அவர் இப்போது எங்கே இருக்கிறார். எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.