கோப்பியைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

நம்ம தாமான் வாட்சாப் குழுவில் நேற்று ஓடிய அந்தக் குரல் பதிவை இதற்குள் சுங்கை சிப்புட்டில் பாதிப் பேர் கேட்டிருப்பீர்கள். யார் பேசியது என்று நான் சொல்லப்போவதில்லை. குரலே சொல்லிவிடும். "நல்லா ஓடியாடின நாய். ஆப்பரேசன் பண்ணிக் கொன்னுட்டாங்க. இயற்கைக்கு விரோதம்னு நான் அப்பவே சொன்னேன்ல?" இதைக் கேட்டுவிட்டு, தங்கள் பெட்டை நாய்களுக்குக் கருத்தடை செய்யப் பெயர் கொடுத்திருந்த இரண்டு அக்காமார்களும் விலகிவிட்டார்கள்.

அண்ணே, செத்தது என் நாய் கோப்பி. உங்கள் கட்சிக்கு அதைச் சாட்சியாக்க உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?

கோப்பியைக் கொன்றது கருத்தடை இல்லை. ரத்தத்தைப் பரிசோதிக்காமல் வயிற்றைக் கிழித்ததுதான். செம்பனைத் தோட்டத்து ஓரம் வளரும் நாய்க்கு உண்ணி ஒட்டாமல் இருக்காது. அது பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி, வெளியே ஒன்றும் காட்டாமல் மாதக்கணக்கில் உடம்பிலேயே இருந்து, ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டைக் குறைக்கும். டிங்கி வந்துபோன வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நிலையில் கத்தி வைத்தால் ரத்தம் லேசில் நிற்காது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் தேதியைத் தள்ளிப்போட்டு, மருந்து கொடுத்துத் தேற்றிவிட்டுச் செய்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு, "உண்ணிக் காய்ச்சல் இருந்திருக்கலாம்" என்றார் டாக்டர். இருந்திருக்கலாமாம்!

"எந்த ஆப்பரேசனிலும் ஆபத்து உண்டு, நீதானே கையெழுத்துப் போட்டாய்" என்பீர்கள். போட்டேன். பிரிட்டனில் 2008இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், மயக்க மருந்து கொடுத்த ஆரோக்கியமான நாய்களில் இறந்தவை 0.05 சதவீதம். ஏற்கெனவே நோயுற்றிருந்த நாய்களில் 1.33 சதவீதம். கோப்பி இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளத்தானே பரிசோதனை? இறந்த நாய்களில் கிட்டத்தட்டப் பாதி, ஆப்பரேசன் முடிந்த பிறகுதான் இறந்திருக்கின்றன. எங்களை ஈப்போ கிளினிக்கிலிருந்து மதியமே அனுப்பிவிட்டார்கள். அசந்து தூங்கினால் மயக்கம்தான், பயப்படாதீர்கள் என்றார்கள்.

சாயங்காலம் அப்பா கூப்பிட்ட குரலுக்கு அது வாலைக்கூட அசைக்கவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு வெளுத்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தேன். சிவப்பு திரும்பி வரவேயில்லை. மயிர் மழித்த வயிறு உப்பிக்கொண்டே போனது. கிளினிக்குக்குப் போன் அடித்தால் பதிவு செய்த குரல்தான் பேசியது. ஈப்போ சாலையில் பாதி வழியில், அப்பா மடியிலேயே போய்விட்டது. அம்மா செத்தபோதுகூட அழாத மனிதர்.

"மனுசனுக்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசை, நாய்க்கு ரத்தப் பரிசோதனையா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்குப் பதில் இல்லை. கிளினிக் பேரைப் போடு என்கிறவர்களுக்கு: போடமாட்டேன். மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்துக்குப் புகார் எழுதிவிட்டேன், அங்கே பேசிக்கொள்கிறேன். பயந்துவிட்டேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

இயற்கை என்கிறீர்களே, அண்ணே. உங்கள் கடைக்குப் பின்னால் ஒரு நாய் வருசா வருசம் குட்டி போடுகிறதே, அந்தக் குட்டிகள் எங்கே போகின்றன? பாசார் பக்கம் அட்டைப் பெட்டியில் கத்திக்கொண்டு கிடந்த குட்டிகளை நாங்கள்தான் பொறுக்கி வந்தோம். கோப்பியே அப்படி வந்ததுதான். மற்றதை லாரி அடிக்கும், இல்லையென்றால் நகராண்மைக் கழகம் பிடித்துப் போகும். அதெல்லாம் இயற்கை. கருத்தடை செய்யாத பெட்டை நாய் கருப்பையில் சீழ் பிடித்துச் சாவதும் இயற்கைதான். என் நாய் மட்டும்தான் உங்களுக்குப் பாடம்.

நேற்று ராத்திரி கிளினிக்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. கோப்பிக்குத் தையல் பிரிக்க நாள் வந்துவிட்டதாம், மறக்காமல் கூட்டி வரவும் என்று. கீழே சிரித்த முகம் வேறு.

அக்காமார்களே, தயவுசெய்து விலகாதீர்கள். வேறு கிளினிக் பார்ப்போம். முதலில் ரத்தம் எடுக்கச் சொல்வோம், பிளேட்லெட் எவ்வளவு என்று கேட்போம், ராத்திரி யாருக்குப் போன் அடிப்பது என்று எழுதி வாங்குவோம். பரிசோதனைக்கு வெள்ளி போதவில்லை என்றால் என்னிடம் சொல்லுங்கள், வண்டியும் நான் எடுத்து வருகிறேன். அண்ணன் அந்தக் குரல் பதிவை அழித்தால் போதும். மன்னிப்பெல்லாம் வேண்டாம்.