இராமேஸ்வரம் விமான நிலையமும் சென்னையின் காலை ஏழு மணியும்

2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசின் நிதிநிலை அறிக்கையில் இராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் என்ற அறிவிப்பு வந்ததிலிருந்து, கீழக்கரையில் நான் நடத்திவரும் பயணச்சீட்டு அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சீட்டு விலையைக் கேட்பதற்கு முன்பே, "காக்கா, நம்ம பக்கம் ஏர்போர்ட் எப்ப வரும்?" என்று கேட்டுவிடுகிறார்கள். எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத் தளம் இருக்கிறது. அங்கிருந்து, சிறு ஊர்களுக்கு மானியத்தோடு விமானம் விடும் ஒன்றிய அரசின் உடான் திட்டத்தில் பயணிகள் விமானம் விடலாம் என்ற பேச்சும் பழையதுதான். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் இருபது ஆண்டுகளாகச் சீட்டுப் போட்டுக் கொடுப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாம் கேட்டுக்கொண்டிருப்பது ஓடுதளத்தை. அந்த ஓடுதளத்தில் விமானம் இறங்குமா என்பதைத் தீர்மானிக்கப்போவது சென்னையிலும் துபாயிலும் கிடைக்கும் ஸ்லாட், அதாவது இறங்கவும் கிளம்பவும் ஒதுக்கப்படும் நேரம்.

விசைப்படகு வைத்திருப்பவருக்கு ஸ்லாட் என்றால் என்னவென்று அதிகம் விளக்கத் தேவையில்லை. கடல் எவ்வளவு பரந்து கிடந்தாலும் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை இருக்கிறது. மீன்துறை டோக்கன் கொடுத்த பிறகுதான் இராமேஸ்வரத்து விசைப்படகு துறையை விட்டுக் கிளம்பும். படகும் வலையும் டீசலும் ஆளும் தயாராக இருந்தாலும் டோக்கன் இல்லையென்றால் படகு கரையில்தான் நிற்கும். நெரிசலான விமான நிலையத்திலும் அதுதான் நடைமுறை. இன்ன நாளில் இன்ன மணிக்கு இறங்கலாம், இன்ன மணிக்குக் கிளம்பலாம் என்ற அனுமதியே ஸ்லாட். ஒரு முனையில் மட்டும் அது கிடைத்துப் பயனில்லை. இரண்டு முனையிலும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற நேரம் கிடைத்தால்தான் அந்தத் தடத்தில் விமானம் ஓடும்.

நம் கடல் முறைக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. இங்கே முறை எல்லோருக்கும் பொது. விமான உலகத்திலோ பழைய ஆளுக்கே முதல் உரிமை. ஒரு பருவத்தில் தனக்குக் கிடைத்த நேரத்தில் 80 விழுக்காட்டை ஓட்டிக் காட்டிய நிறுவனம், அடுத்த ஆண்டு அதே பருவத்தில் அதே நேரத்தைத் தானாகவே பெற்றுக்கொள்ளும். அவர்கள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதுதான் பொதுவில் வரும்; அதில் பாதியைப் புதியவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது உலக விதி. மிஞ்சுவதே ஒன்றுமில்லாத இடத்தில் அந்தப் பாதியால் யாருக்கு என்ன பயன்? இரண்டே ஓடுதளங்களோடு ஆண்டுக்கு 4,80,000 இறக்க ஏற்றங்கள் என்று வரம்பு போட்டிருக்கும் இலண்டன் ஹீத்ரோவில், ஒரு இறக்கத்துக்கும் ஒரு ஏற்றத்துக்குமான நேரத்தை 2016இல் ஓமன் ஏர் 7.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியதாகச் செய்தி வந்தது. விமானத்துக்கு அல்ல, நேரத்துக்கு மட்டும் அந்த விலை.

இந்தியாவில் இப்படி விற்க முடியாது, ஆனால் தட்டுப்பாடு இங்கேயும் கடுமையாகத்தான் இருக்கிறது. மும்பையில் ஓடுதளங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவதால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். அங்கே உச்ச நேரத்தில் மணிக்கு 46 ஆக இருந்த எண்ணிக்கையை 44 ஆகக் குறைக்கும்படி 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு சொன்னது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது, அந்த நிறுவனத்தின் மும்பை, டெல்லி நேரங்களை மற்ற நிறுவனங்களுக்குத் தற்காலிகம் என்று சொல்லித்தான் பகிர்ந்து கொடுத்தார்கள். பிறகு ஜெட்டைத் திரும்பப் பறக்கவைக்க முயன்றவர்களுக்குப் பெரிய இடர்களில் ஒன்றாக வந்து நின்றது அந்த நேரங்கள்தான். ஏர் இந்தியா 470 விமானங்களும் இண்டிகோ 500 விமானங்களும் 2023ஆம் ஆண்டில் வாங்கப் பதிவு செய்தன. அத்தனையும் வந்து சேரும்போது காலை ஏழு மணிக்கு எங்கே இறங்கும் என்பதே அந்த நிறுவனங்களின் விரிவாக்கத் திட்டத்துக்கு அடிப்படைக் கேள்வி என்று நினைக்கிறேன். நவி மும்பை விமான நிலையமும் பரந்தூர்த் திட்டமும் அந்த நெருக்கடியிலிருந்து பிறந்தவை.

இனி நம் கதைக்கு வருவோம். சென்னையிலும் இரண்டு ஓடுதளங்கள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. இராமநாதபுரத்துக்கு முதலில் வரக்கூடியது எழுபது, எண்பது பேர் ஏறும் ஏ.டி.ஆர். விமானம். ஏர்பஸ் ஏ321 விமானத்தில் 220 பேருக்கு மேல் ஏறலாம். சென்னையில் இறங்க இரண்டுக்கும் வேண்டியது ஒரே ஒரு ஸ்லாட். காலை ஏழு மணிக்கு ஒரு இடம் காலியானால் நிறுவனத்தின் திட்ட அதிகாரி அதை டெல்லிக்குப் போகும் பெரிய விமானத்துக்குக் கொடுப்பாரா, நம் உச்சிப்புளிக்குக் கொடுப்பாரா? அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் கணக்கு அது. உடான் திட்டத்தின் மானியம் காலியாகப் போகும் இருக்கையின் நட்டத்தை ஈடுகட்டும்; காலை ஏழு மணியை அந்த மானியத்தால் வாங்க முடியாது. நமக்கு மிஞ்சுவது நண்பகல் பன்னிரண்டரை மணி போன்ற நேரமாக இருக்கும். அந்த நேரத்தில் சென்னையில் போய் இறங்குகிறவருக்கு மருத்துவரைப் பார்க்கும் நேரம் போயிருக்கும், அலுவலக வேலையும் அன்று முடியாது. ஆள் ஏறவில்லை என்று ஆறு மாதத்தில் நிறுத்திவிட்டு, "இராமநாதபுரத்தில் தேவை இல்லை" என்று எழுதிவிடுவார்கள். நான் மிகவும் அஞ்சுவது அந்த ஒற்றை வரிக்குத்தான்.

வளைகுடாப் பயணத்தில் இந்த நேரக் கணக்கு இன்னும் ஆழமாக நம் வாழ்க்கைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. துபாய் விமான நிலையம் 2024இல் 9 கோடியே 23 லட்சம் பயணிகளைக் கையாண்டது, அதுவும் இரண்டே ஓடுதளங்களில். பகலெல்லாம் உள்நாட்டுத் தடத்தில் ஓடும் நம் நாட்டு விமானங்கள் பல, இரவில்தான் வளைகுடாவுக்குத் திரும்புகின்றன. சென்னையில் அதிகாலை மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் நம் ஆட்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்குவது இதனால்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாமியார் மௌத்தான தகவல் ஷார்ஜாவில் இருந்த என் மச்சானுக்கு மாலையில் கிடைத்தது. மதுரைக்கு அன்றைய விமானம் போய்விட்டது. ஒரு நாளைக்கு ஒன்றுதான். நானேதான் சீட்டுப் போட்டேன். அதிகாலையில் சென்னையில் இறங்கி, காரில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து, அவர் பெரியபட்டினம் சேர்ந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. ஜனாஸாவை அவ்வளவு நேரம் வைத்திருக்க மாட்டார்கள். கப்ர் மேல் தெளித்த தண்ணீர் காய்ந்து மண்ணில் வெடிப்பு விழத் தொடங்கியிருந்தது. விமானச் சீட்டுத் துண்டைக் கையிலேயே சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். இரவு ஒன்பது மணிக்கு மதுரைக்கு ஒரு விமானம் இருந்திருந்தால் முகத்தைப் பார்த்திருப்பார் என்று, அன்று முதல் ஒவ்வொரு முறை கால அட்டவணையைத் திறக்கும்போதும் எனக்குத் தோன்றுகிறது.

மதுரை விமான நிலையம் 2024 அக்டோபர் 1 முதல் 24 மணி நேரமும் இயங்கும் என்று அறிவித்தபோது இங்கே எல்லோரும் மகிழ்ந்தோம். இரவு விமானங்கள் அதன்பின் வரிசை கட்டி வந்துவிடவில்லை. மதுரையில் கதவு திறந்திருந்தால் போதாது. வளைகுடாவில் கிளம்பும் முனையிலும் பொருந்துகிற நேரம் வேண்டும். அதோடு, வெளிநாட்டு நிறுவனம் மதுரைக்கு வர இரு நாட்டு ஒப்பந்தத்தில் மதுரையின் பெயர் இருக்க வேண்டும். துபாயோடு நமக்குள்ள ஒப்பந்தப்படி ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்கு ஏறத்தாழ 66,000 இருக்கைகள். துபாய் நிறுவனங்கள் தங்கள் பங்கை முழுவதும் பெரிய நகரங்களிலேயே பயன்படுத்துகின்றன, மதுரை அந்தப் பட்டியலிலேயே இல்லை. உரிமை வேறு, நேரம் வேறு. இரண்டும் சேர்ந்தால்தான் சீட்டு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1993ஆம் ஆண்டு ஸ்லாட் விதிகளில் ஒரு பிரிவு இருக்கிறது. பொதுச் சேவை என்று அரசு அறிவித்த தடத்துக்குத் தேவையான நேரத்தை, நெரிசலான விமான நிலையத்திலேயே அந்த நாட்டு அரசு ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். தொலைதூர ஊர்களையும் தீவுகளையும் தலைநகரோடு சேர்த்து வைக்க அவர்கள் கண்ட வழி அது. சென்னையில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நம் மாவட்டத்துக்கு ஒதுக்கி வைத்தால் யாருடைய விரிவாக்கமும் நின்றுவிடாது.

எங்கள் ஊர் வணிகர்கள் அடுத்த வாரம் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கவிருக்கும் மனுவின் நகலை நேற்று என்னிடம் காட்டினார்கள். இரண்டு பக்கமும் நிலம், ஓடுதள நீளம், சுற்றுலா பற்றியே இருந்தது. மூன்றாம் பக்கத்தில் இரண்டு கோரிக்கைகளை எழுதிச் சேர்த்திருக்கிறேன்: விமான நிலையம் திறக்கும் நாளிலேயே சென்னையில் காலை எட்டு மணிக்குள் இறங்கி மாலை ஆறு மணிக்குப் பிறகு கிளம்பும் நேரம் இந்தத் தடத்துக்கு ஒதுக்கப்பட வேண்டும், அதுவரை காத்திருக்காமல் வளைகுடா நாடுகளுடனான ஒப்பந்தங்களில் மதுரையின் பெயரைச் சேர்க்க வேண்டும். மனுவில் கையெழுத்திட விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு என் அலுவலகத்துக்கு வரலாம்.