முரசில் (பல் ஈறில்) இரத்தம் வந்தால் கம்பியைக் கழற்ற வேண்டுமா?

"2009 வரை நீடித்த யுத்தத்தின் பதற்றம் உடலில் தங்கிவிட்டவர்கள் பல்லுக்குக் கம்பி கட்டினால் முரசு கரையும், இரத்தம் கண்டால் துலக்குவதை நிறுத்திக் கம்பியைக் கழற்றிவிடுங்கள்" என்று மட்டக்களப்பில் கைபேசி வழியே பரவும் தகவல் தவறானது.

அதில் ஒரு துளி உண்மை கலந்திருப்பதுதான் சிக்கல். நீடித்த மன அழுத்தம் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனின் சுரப்பைக் கூட்டி நோயெதிர்ப்பைக் குழப்பக்கூடும். முதலாம் உலகப் போரில் அகழிகளில் கிடந்த படையினரிடையே முரசு அழுகிப் புண்ணாகும் நோய் பரவியதால், அதற்கு 'அகழி வாய்' என்றே பெயர் வந்தது. ஆனால் அங்கும் மன அழுத்தத்தோடு துலக்காத பல், போதாத உணவு, புகைத்தல் எல்லாம் சேர்ந்தே இருந்தன.

கம்பி கட்டியவரின் முரசு வீங்குவதற்கு முதற்காரணம், கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டிய சிறு துண்டுகளைச் சுற்றித் தேங்கும் கிருமிப் படலமே. நுரையில் சிவப்பைக் கண்டு பிரஷ்ஷை வைத்துவிட்டால் அப்படலம் தடித்து வீக்கம் கூடும். மென்மையான பிரஷ்ஷை முரசோரம் சாய்த்துப் பிடித்து, கம்பிக்கு மேலும் கீழும் நாள்தோறும் துலக்கினால், எலும்பைத் தொடாத அழற்சி பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். எலும்பு ஏற்கெனவே கரைந்திருந்தால், கம்பியை இறுக்குவதைச் சிறிது காலம் நிறுத்தலாமா என்பதைச் சிகிச்சையளிக்கும் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். வீட்டுக் குறட்டால் கழற்ற முயல்வது (அப்படியும் முயல்பவர்கள் உண்டு) பல்லின் எனாமலைப் பெயர்த்துவிடக்கூடும்.