தீர்ப்பின் கடைசிப் பத்தி

மேல்முறையீட்டில் தண்டனை ரத்து என்று செய்தி வந்தால் போதும், இங்கே இரண்டு கூட்டம் கிளம்பிவிடும். ‘நீதி வென்றது’ என்று ஒன்று, ‘குற்றவாளி தப்பிவிட்டான்’ என்று இன்னொன்று. தீர்ப்பின் கடைசிப் பத்தியை இரு தரப்பும் படித்திருக்காது. ‘வழக்கு மீண்டும் விசாரணை நீதிமன்றத்துக்கு அனுப்பப்படுகிறது’ என்ற வரி அங்கேதான் ஒளிந்திருக்கும். (இதற்கும் ‘ரிமாண்ட்’ என்றுதான் பெயர். அந்தச் சொல் நம் செய்திகளில் சிறைக்காவலோடு ஒட்டிக்கொண்டது வேறு குழப்பம்.)

கிளாரன்ஸ் கிடியன் கதை எனக்குப் பிடிக்கும். 1961இல் புளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்துத் திருடியதாக வழக்கு. வழக்கறிஞர் வைக்கப் பணமில்லை. நீதிமன்றத்தைக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். தானே வாதாடித் தோற்றார். ஐந்தாண்டுச் சிறை. உள்ளே இருந்தபடி பென்சிலால் எழுதிய மனு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1963 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அவர் திருடினாரா என்ற கேள்விக்கே அந்தத் தீர்ப்பு போகவில்லை. வழக்கறிஞர் இல்லாமல் நடந்த விசாரணை செல்லாது, அவ்வளவுதான். ஆகஸ்டில் அதே குற்றச்சாட்டுக்கு மறுவிசாரணை. இம்முறை பக்கத்தில் வழக்கறிஞர் இருந்தார். அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் துளைத்தெடுத்தார். பொதுமக்கள் அடங்கிய ஜூரி கிடியனை விடுவித்தது.

இதை மட்டும் படித்துவிட்டு உருகிவிட வேண்டாம். 1966இல் எர்னஸ்டோ மிராண்டாவின் தண்டனையையும் அதே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பேசாமல் இருக்கலாம், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம் என்ற உரிமைகளைச் சொல்லாமல் போலீஸ் வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்றது. அடுத்த ஆண்டே அந்த வாக்குமூலத்தைத் தொடாமல் அரிசோனாவில் மறுவிசாரணை நடந்தது. அவரோடு முன்பு வாழ்ந்த பெண், ‘என்னிடம் ஒப்புக்கொண்டார்’ என்று சாட்சி சொன்னார். மீண்டும் தண்டனை.

எல்லா வழக்கும் முதலிலிருந்து தொடங்குவதும் இல்லை. சில நேரம் தண்டனைக் காலமோ இழப்பீட்டுத் தொகையோ மட்டும் திரும்பிப் போகும். மேலே தீர்த்து வைத்ததைக் கீழே கிளற முடியாது. புது முடிவு பிடிக்காவிட்டால் மறுபடி மேல்முறையீடு.

என் கோபமெல்லாம், தேவையான சாட்சியம் முழுவதும் கோப்பில் இருக்கும்போதும் மேல் நீதிமன்றமே முடிவு சொல்லாமல் திருப்பி அனுப்புகிறார்களே, அதில்தான். அன்று ‘சிவப்புச் சட்டை, இடது கையில் பை’ என்று சொன்ன சாட்சி, ஆறு வருடம் கழித்துக் கூண்டில் ஏறினால் ‘ஏதோ ஒரு சட்டை’ என்பார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பழைய வாக்குமூலத்தை எடுத்துப் பிரிப்பார்.