சிரித்துவிட்டால் அறிவியல் ஓடிவிடுமா?

அறிவியல் புனைவுப் படங்களுக்குப் பட்டியல் போட நம் மன்றம் ஞாயிற்றுக்கிழமை கூடியபோது நடந்ததை மறுபடி விளக்கப்போவதில்லை. வந்தவர்கள் பார்த்தீர்கள், வராதவர்களுக்கு இதற்குள் சேதி எட்டியிருக்கும். "அது காமெடிப் படம், அறிவியல் புனைவில் சேராது" என்று ஒரே வரியில் 'இன்று நேற்று நாளை'யைப் பட்டியலிலிருந்து அடித்த அண்ணனுக்குத்தான் இந்தப் பதிவு. பெயர் வேண்டாம். படித்துக்கொள்வார்.

நான் கேட்பது ஒன்றுதான். படத்திலிருந்து அறிவியலை உருவிவிட்டால் கதை நிற்கிறதா? நின்றால் வெறும் நகைச்சுவை. விழுந்தால் அறிவியல் புனைவு. 2015இல் வந்த அந்தப் படத்தில் கால இயந்திரம் கிடைத்த இருவரும் உலகைக் காப்பாற்றக் கிளம்பவில்லை. ஜோசியத் தொழிலில் இறங்குகிறார்கள். தொலைந்த பொருள் எங்கே போனது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்து வந்து, கட்டம் பார்த்துச் சொன்னதுபோலச் சொல்லிக் காசு வாங்குகிறார்கள். நம்மூரில் வேறென்ன நடக்கும்? அப்புறம், என்கவுன்ட்டரில் செத்திருக்க வேண்டிய ரவுடி இவர்கள் குறுக்கே போனதால் பிழைத்துக்கொள்கிறான்; நிகழ்காலமே கோணிப்போகிறது. இயந்திரத்தை எடுத்துவிடுங்கள், ஒரு சிரிப்புகூட மிஞ்சாது.

1985இல் வந்த 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்தில், 1955க்குப் போய்ச் சேர்ந்த பையனிடம் "1985இல் யார் ஜனாதிபதி?" என்று விஞ்ஞானி கேட்கிறார். ரொனால்ட் ரீகன் என்கிறான். அந்த நடிகரா என்று அவர் கேலி செய்கிறார். (நடிகர் ஆட்சிக்கு வருவதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நமக்குத்தான் தோன்றும்.) காலப் பயணம் இல்லாமல் இந்த நகைச்சுவையை யாராவது எழுதிக் காட்டட்டும்.

அறிவியல் புனைவு ரசிகர்களே வாக்களித்துத் தருவது ஹியூகோ விருது. 1965இல் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்', பிறகு 'ஸ்லீப்பர்', 'யங் ஃபிராங்கன்ஸ்டைன்', 'பேக் டு தி ஃபியூச்சர்', 2000இல் 'கேலக்ஸி குவெஸ்ட்' என்று சிரிக்கவைத்த படங்களுக்கு அதைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். பாவம், அவர்களுக்கு நம் அண்ணன் அளவுக்கு விவரம் போதவில்லை.

"வெளிநாட்டு விருதைக் காட்டி மிரட்டாதே" என்பீர்கள். பட்டியலில் முதலிடத்தை 'இன்டர்ஸ்டெல்லர்' படத்துக்குக் கொடுத்தபோது இந்த ஊர்ப்பற்று எங்கே போயிருந்தது?

"எந்திரனில் நகைச்சுவை ஓரமாக வருகிறது, இதில் முழுக்க அதுதான்" என்று ஒருவர் நியாயமாகவே கேட்டார். சிட்டி கொசுக்களோடு பேச்சுவார்த்தை நடத்தியது ஓரமா? சரி, அளவுகோல் கொண்டுவாருங்கள், எத்தனை சிரிப்பு வரை அனுமதி என்று அளந்துவிடலாம்.

ஒரே நாள் திரும்பத் திரும்ப விடிகிற ஆங்கில நகைச்சுவைப் படமான 'கிரவுண்ட்ஹாக் டே'யில் அறிவியல் எங்கே என்று மடக்கப் பார்ப்பவர்களுக்கு: இல்லைதான். அதை இன்னொரு நாள் பேசுவோம். ஆனால் உஜ்ஜயினி காலபைரவர் கோயிலில் பிறந்ததால் ஒருவன் காலச் சுழலில் மாட்டுகிற 'மாநாடு' உங்கள் பட்டியலில் பத்திரமாக இருக்கிறதே, அது எந்த ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது?

எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்காதீர்கள், நானே சொல்கிறேன். கல்லூரி நாட்களில் ஒரு கதை எழுதினேன். ரேஷன் கடையில் எடை போட வந்த ரோபோ, எடையைக் குறைக்கத் தெரியாமல் வேலையிழக்கிற கதை. மின்கலம், உணரி எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதினேன். ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பியது: "துணுக்குப் பகுதிக்கு முயலவும்." துணுக்கு! ஜீனோ என்ற இயந்திர நாயின் வாய்த்துடுக்கை ரசித்துத்தானே சுஜாதா வழியாக நாம் எல்லோரும் இந்தப் பக்கம் வந்தோம்? அப்போது யாரும் நாயைத் துணுக்குப் பகுதிக்கு விரட்டவில்லையே.

முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொன்னால் எதுவும் அறிவாகிவிடுகிறது இங்கே. சிரிக்கவைக்கிறவன் உழைத்தான், யோசித்தான் என்று நம்பவே ஆளில்லை. சினிமாவில் மட்டுமா? வீட்டுக் கல்யாணப் பேச்சில்கூட என்னை யாரும் கருத்துக் கேட்பதில்லை, "அவன் எதையாவது விளையாட்டாகச் சொல்வான்" என்று. அது வேறு கதை.

படத்தைப் பட்டியலில் சேருங்கள். இல்லையென்றால் 'மாநாடு'ம் வெளியே வரட்டும். இரண்டில் ஒன்று முடிவாகும்வரை நான் கூட்டத்துக்கு வருவதாக இல்லை. சந்தாவை மட்டும் இந்த மாதமும் கட்டிவிட்டேன்.